கடைசிப் பயனர் நலக்குழு

ஹேவர்மில் பல்கலைக்கழகத்தில் ஆல்டர் என்ற பழைய மின்னஞ்சல் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களின் எண்ணிக்கை ஒன்றாகக் குறைந்தபோது, அந்த ஒருவரின் நலனைக் கவனிக்கப் பதினான்கு பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. முப்பதாயிரம் பேர் ஆல்டரைப் பயன்படுத்திய காலத்தில் அதைக் கவனித்துக்கொண்டவர்கள் மூன்று பேர்தான். கணினிக் கட்டடத்தின் அடித்தளத்தில், நீராவிக் குழாய்களுக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நிர்வாகம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதற்கு டாக்டர் மெரெடித் க்ரால் இந்தக் கணக்கையே தம் உரைகளில் சான்றாகச் சொல்வார்.

டாக்டர் க்ரால் டிஜிட்டல் அனுபவ அலுவலகத்தின் துணைத் தலைவி. அந்த ஒரே பயனர் வெண்டெல் ஓஸ்ட்பி. பல்கலைக்கழகத்தின் கொதிகலன் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படகுத்துறைக்கு மேலே உள்ள தெருவில், பாசி பிடித்த கூரை போட்ட வீட்டில் தனியாக இருந்தார். காலையில் காப்பி போட்டுக்கொண்டு கணினி முன் உட்காருவார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரும். படம் கிடையாது, வண்ணம் கிடையாது. அம்புக்குறி விசைகளால் மேலும் கீழும் போகலாம். எந்த விசை என்ன செய்யும் என்பது திரையின் அடியில் இரண்டு வரிகளில் எப்போதும் இருக்கும்.

குழு அமைக்கப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அலுவலகத்தின் கண்காணிப்புப் பதிவுகளில், இந்தப் பயனர் நாள்தோறும் வியக்கத்தக்க அளவு பிழைகள் செய்வது தெரிந்தது. இல்லாத முகவரிக்கு எழுதினார். வெற்றுக் கடிதம் அனுப்பினார். இல்லாத கடிதத்தை அழிக்கப் பார்த்தார். கடவுச்சொல்லைத் தலைகீழாக அடித்தார். "துன்பத்தில் உள்ள மூத்த பயனர்" என்று ஒரு வரைபடம் தயாரிக்கப்பட்டது. அதில் சிவப்புக் கோடு மேலே ஏறிக்கொண்டே போனது.

வெண்டெல் அந்தப் பிழைகளை வேண்டுமென்றே செய்தார் என்பது குழுவில் யாருக்கும் தோன்றவில்லை.

ஆல்டரை எழுதிய மூவரில் ஒருவர் அவருடைய மனைவி ஆர்டிஸ். மற்ற இருவரும் கடிதத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்க்கும் வேலையைப் பார்த்தார்கள். ஆர்டிஸ் அதையும் பார்த்து, திரையில் வரும் வாக்கியங்களையும் எழுதினார். பழைய மென்பொருள் ஒன்று "மரணப் பிழை" என்று திரையில் காட்டியதைப் பார்த்து நூலகத்தில் ஓர் அம்மாள் அழுதுவிட்டாராம். அன்று மாலை வீட்டுக்கு வந்து ஆர்டிஸ் சொன்னார்: "தப்பு பண்றது மெஷினு. பயப்படறது மனுஷங்களா? இனிமே நான்தான் பேசப்போறேன்."

அப்படித்தான் ஆல்டர் பேசியது. தலைப்பு வைக்காமல் அனுப்பினால், "எதப் பத்தின்னு அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்கும். பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒரே கடிதத்தை அனுப்பப் போனால், "இது எல்லாருக்கும் போகுது. கோவம் தணிஞ்சிடுச்சா?" என்று கேட்கும், இதனால் பல பேராசிரியர்களின் வேலை தப்பியது. பெட்டி காலியாக இருந்தால், "புதுசா எதுவும் வரல. மழை இல்லன்னா கொஞ்சம் நடந்துட்டு வாங்க." எங்கள் ஊரில் அது வருடத்தில் பாதி நாள் நடக்காத காரியம். வெளியேறும் விசையை அழுத்தினால், "கெளம்பறீங்களா?" என்று கேட்டுவிட்டு நிற்கும். எவ்வளவு நேரமானாலும் நிற்கும். அப்போது என்டர் விசையை அழுத்தினால் இல்லை என்று பொருள். ஆமாம் என்றால் அதற்குரிய எழுத்தைத் தேடி அழுத்த வேண்டும். அதுவும் கீழ் வரியில் எழுதியிருக்கும்.

அப்படி வைத்தது வெண்டெலுக்காக. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் ஆர்டிஸ் அவரை உட்காரவைத்துச் சோதிப்பார். கொதிகலன் கூடத்தில் ஒரு திருகைத் தொடுவதற்கு முன் மூன்று முறை யோசிக்கும் மனிதர், விசைப்பலகை முன்னால் உட்கார்ந்தால் எதையும் படிக்காமல் என்டரைத் தட்டுவார். "உன்ன மாதிரி ஆளு உலகம் பூரா இருக்கான், வெண்டெல். உங்களையெல்லாம் வாசல்லயே புடிச்சு நிறுத்தணும்."

பிறகு பல்கலைக்கழகம் பெரிய நிறுவனம் ஒன்றிடம் புதிய தளத்தை வாங்கியது. மூவரையும் ஒரே பிற்பகலில் வேலையிலிருந்து நீக்கியது. நீக்கக் கடிதம் ஆல்டர் வழியாகத்தான் வந்தது. "ஒரு நிமிஷம்கூட தாமதமாகல, பாத்தியா" என்று அவர்களில் ஒருவரான கஸ் கானெமோட்டோ பெருமையாகச் சொன்னார். கடைசிப் பதிப்பு அப்போதுதான் கணினியில் ஏற்றப்பட்டிருந்தது. வெளியே யாருக்கும் அது கொடுக்கப்படவில்லை. அவர்களுடைய நுழைவு அட்டைகள் மாலைக்குள் செத்துவிட்டன.

ஆர்டிஸ் அதற்குப் பின் சில வருடங்கள் இருந்தார். நோயின் கடைசி மாதங்களில் ஒருநாள், பேச்சோடு பேச்சாக, "அதுல நீ இன்னும் பாக்காத வரி நெறைய இருக்கு. அபூர்வமா ஏதாவது நடந்தாத்தான் வரும்" என்றார். என்ன வரி என்று வெண்டெல் கேட்டார். "அவசரப்படாத. நடந்தா தெரியும்" என்றார்.

ஆர்டிஸ் இறந்த குளிர்காலத்தில், கடிதங்கள் நிரம்பி வெண்டெலின் பெட்டியில் இடமில்லாமல் போனது. திரை சொன்னது: "இடம் தீந்துபோச்சு. எதையாவது தூக்கிப் போடணும். எதன்னு நான் சொல்ல மாட்டேன்."

வெண்டெல் காப்பியைக் கீழே வைத்தார். அது ஆறிய பின்னும் அவர் எழுந்திருக்கவில்லை.

அதிலிருந்து அவர் காத்திருக்கத் தொடங்கினார். பிப்ரவரி இருபத்தொன்பது வந்தபோது, "இது சும்மா கெடச்ச நாளு. வேலை பாக்காதீங்க" என்று வந்தது. அதன் பிறகு வெறுமனே காத்திருக்கப் பொறுமை இல்லை. நாள்தோறும் புதுப் பிழையாகச் செய்து பார்த்தார். பெரும்பாலும் தெரிந்த வரிகளே வந்தன. எப்போதாவது ஒன்று புதிதாக வரும். ஒரே முகவரியை மூன்று முறை தவறாக அடித்தபோது வந்தது: "மறுபடியும் அதேதான். கண்ணாடி எங்க?" மூக்குக்கண்ணாடி குளியலறையில் இருந்தது.

நலக்குழுவின் வரைபடத்தில் அந்தக் காலை ஓர் உச்சமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

குழு முதல் வேலையாக அவருக்கு ஓர் இடமாற்றத் துணைவரை நியமித்தது. டெவின் ஷ்ராக் நாற்பது வயதுக்காரர், இரட்டைக் குழந்தைகளின் தகப்பன், தூக்கம் போதாத முகம். பரிசுப் பை ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். பைக்குள் கையில் வைத்துப் பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்தும், "மாற்றம் என் நண்பன்" என்று அச்சிட்ட காலுறைகளும் இருந்தன. புதிய தளத்தைத் திறந்து காட்டினார். அது "ஹாய் வெண்டெல்!" என்றது. வெண்டெல் மற்ற கண்ணாடியை எடுத்து வர உள்ளே போய்த் திரும்புவதற்குள், "இன்னும் இருக்கிறீர்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவரை வெளியேற்றிவிட்டது.

"கேட்டுட்டு நிக்காதா?" என்றார் வெண்டெல்.

"பாதுகாப்புக்காக, வெண்டெல்." பயனர்களை முதல் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும் என்பது அலுவலக விதி.

"யாரோட பாதுகாப்பு?"

பயிற்சியில் அது சொல்லித்தரப்படவில்லை என்று டெவின் ஒப்புக்கொண்டார். உங்கள் கடிதங்கள் எல்லாம், ஒன்றுவிடாமல், புதிய இடத்துக்கு வந்துவிடும் என்று உறுதி கூறினார். வெண்டெல் கடிதங்கள் வேண்டாம் என்றார். பிறகு என்னதான் வேண்டும் என்று டெவின் கேட்டார். ஆல்டர் பேசுகிற வரிகள் வேண்டும் என்று வெண்டெல் சொன்னார். டெவின் குறித்துக்கொண்டார். அறிக்கையில் அது "பயனர் உரையாடல் வசதியை விரும்புகிறார்" என்று ஆனது. குழு புதிய தளத்தில் அவருக்கு ஒரு செயற்கை உதவியாளரை ஏற்பாடு செய்தது. அதன் பெயர் ஸ்பார்க்கி.

அதன் பின் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் பதினான்கு பேரும் ஒரு பக்கம், வெண்டெல் மறுபக்கம். ஆல்டரை நிறுத்துவதைப் பயனர்களில் எத்தனை பேர் எதிர்க்கிறார்கள் என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். நூறு சதவீதம் என்று வந்தது. அறையில் ஒரு சங்கடம். டாக்டர் க்ரால் அதைக் கையாண்ட விதத்தைப் பின்னர் பலர் பாராட்டினார்கள்.

"சதவீதத்தப் பாத்து நாம பயப்படக் கூடாது. எண்ணிக்கையப் பாப்போம். ஒருத்தர்தான் எதிர்க்கறார். இதுக்கு முன்னாடி எந்த மாற்றத்துக்கும் இவ்வளவு குறைவான எதிர்ப்பு வந்ததில்ல. வெண்டெல், உங்க குரல் எங்களுக்குக் கேக்குது. கேட்டுட்டோம்."

நிறுத்தும் நாள் நவம்பரில் என்று முடிவானது.

வெண்டெல் கஸ்ஸுக்குத் தொலைபேசியில் சொன்னார். கஸ் இப்போது விரிகுடாவின் மறுகரையில் சிப்பி வளர்க்கிறார். ரப்பர் பூட்ஸோடு படகேறி வந்து, சமையலறையில் உட்கார்ந்து கேட்டார். மூலநிரலின் ஒரு பிரதி கிடைத்தால் இங்கேயே, இந்த மேசையிலேயே ஆல்டரை ஓட்டிவிடலாம் என்றார். பழைய பதிப்பு தம்மிடம் இருக்கிறது. கடைசிப் பதிப்பு அந்த ஒரு கணினியில்தான். வெண்டெலின் கணக்கு வழியாக எடுக்க முடியாதா? முடியாது. "நுழைஞ்சா நேரா ஆல்டர். வெளிய வந்தா வாசல். வேற கதவே வெக்கல நாங்க. உன்ன மாதிரி ஆளுங்களுக்குப் பயந்துதான்."

"எனக்குத் தெரிஞ்ச வரியெல்லாம் நான் சொல்றேன். நீ பழசுல அடிச்சுக் குடு" என்றார் வெண்டெல்.

"அடிக்கலாம். ஆனா உனக்குத் தெரிஞ்சதத்தானே அது சொல்லும்?"

வெண்டெலுக்கு வேண்டியது அவருக்குத் தெரியாத வரிகள்தான்.

இருவரும் அறிவுச் சொத்து அலுவலகத்துக்குப் போனார்கள். பயன்படாத ஒரு பழைய நிரலின் பிரதியைக் கேட்டார்கள். அலுவலர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். மதிப்பில்லாத பொருள்களை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது விதி என்றார். ஆனால் மதிப்பில்லை என்பதை மதிப்பீடு செய்துதான் சொல்ல முடியும். மதிப்பீட்டுக்காக ஆல்டரின் சில வரிகளைச் சந்தைப்படுத்தல் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே அவற்றைப் படித்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்றும் சொல்கிறார்கள். ஆகவே அவற்றுக்கு மதிப்பு உண்டு என்று முடிவாயிற்று.

அடுத்த வாரமே பல்கலைக்கழகக் கடையில் குவளைகள் வந்தன. "கோவம் தணிஞ்சிடுச்சா?" குவளை நன்றாக விற்றது. வாக்கியங்களின் முழு உரிமையும் கடையை நடத்துகிறவருக்குப் போனதால், பிரதி கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று அலுவலகம் வருத்தத்தோடு எழுதியது. மனைவியின் வாக்கியங்கள் என்ற அடிப்படையில் வெண்டெலுக்குக் குவளை விலையில் பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு.

கடைசியாக டெவினிடம் கேட்டார்கள். படகுத்துறை ஓரம், மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கஸ்தான் கேட்டார், யாருக்கும் தெரியாமல் ஒரு பிரதி எடுத்துவிட முடியாதா என்று. டெவின் சட்டைக்கை ஈரத்தைப் பிழிந்துகொண்டே பேசினார்.

"பொய் சொல்லல. எனக்கு அத நிறுத்தறதுக்கு அனுமதி குடுத்திருக்காங்க. தொறந்து பாக்கறதுக்குக் குடுக்கல."

அதற்குப் பிறகு அந்தக் கணினியைச் சுற்றி நடந்ததெல்லாம் மரபுப் பாதுகாப்பு என்ற தலைப்பின்கீழ் வந்தது. நிறுத்தியதும் பாதுகாப்பு விதிப்படி அதன் வட்டுகளைத் தூளாக்கி, தூளைக் கண்ணாடி போன்ற கட்டிகளில் பதித்து, நன்கொடையாளர்களுக்கு மேசை அலங்காரமாகத் தருவது என்று தீர்மானம் ஆயிற்று. விழாவுக்கு "ஆல்டருக்கு நன்றி" என்று பெயர். அழைப்பிதழ் புதிய தளத்தில் மட்டும் அனுப்பப்பட்டதால் வெண்டெலுக்கு வரவில்லை. டெவின் காரில் வந்து கூட்டிப்போனார்.

பெரிய அரங்கம். மேடையில் ஒரு மேசை, அதன்மேல் விசைப்பலகை. பின்னால் ஒரு வீட்டுச் சுவரளவு திரை. அதில் வெண்டெலின் காலைக் கறுப்புத் திரை, அவருடைய பெயரோடு. அவ்வளவு பெரிதாக அதை அவர் பார்த்ததில்லை. பக்கவாட்டில் வாட்டிய சால்மன் மீனும் ஒரு பெரிய கேக்கும் இருந்தன. கேக்கின்மேல் சர்க்கரையில் "கெளம்பறீங்களா?" என்று எழுதியிருந்தது.

டாக்டர் க்ரால் பேசினார்.

"நண்பர்களே, இந்த மென்பொருள எழுதினவங்க யாருன்னு இன்னிக்கு நம்ம அலுவலகத்துல யாருக்கும் தெரியாது. அதுதான் அவங்களோட பெருமை. தங்களோட பேரப் பத்திக் கவலப்படாம வேலை செஞ்சாங்க. நாமளும் அவங்க பேரப் பத்திக் கவலப்படல. மூணு பேர் செஞ்ச வேலைய இன்னிக்கு நூத்து நாப்பது பேர் செய்யறோம். அவங்க கிட்ட இல்லாதது ஒண்ணு நம்மகிட்ட இருக்கு, தொலைநோக்கு. அவங்ககிட்ட இருந்ததெல்லாம் ஓடற மென்பொருள் மட்டும்தான்."

கைதட்டினார்கள். முன் வரிசையில் கஸ்ஸும் தட்டினார். "சரியாத்தானே சொல்றா" என்று வெண்டெலின் காதில் சொன்னார்.

பிறகு டாக்டர் க்ரால் மேசைக்கு வந்து, பல்கலைக்கழகத்தின் சார்பில் வெளியேறும் விசையை அழுத்தினார். திரை கேட்டது: "கெளம்பறீங்களா?" அரங்கம் சிரித்தது. டாக்டர் க்ரால் எல்லோரையும் போல என்டரைத் தட்டினார்.

"சரி, இருங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்றது ஆல்டர்.

மறுபடி வெளியேறும் விசை. மறுபடி கேள்வி. மறுபடி என்டர். சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. பதினான்கு பேர் குழுவிலிருந்து இருவர் மேடைக்கு ஏறி வந்து, இன்னும் அழுத்தமாக என்டரைத் தட்டும்படி ஆலோசனை சொன்னார்கள். ஒருவர் திரையைத் தொட்டுப் பார்த்தார். எந்த எழுத்தை அழுத்த வேண்டும் என்பது அத்தனை நேரமும் கீழ் வரியில், ஆள் உயர எழுத்தில், இருந்தது.

"எத்தன தடவ. உக்காருங்க, காப்பி குடிங்க" என்றது ஆல்டர்.

டாக்டர் க்ரால் புன்னகை மாறாமல் முன் வரிசையைப் பார்த்தார். நம் கடைசிப் பயனரே வந்து இந்தப் பெருமையை ஏற்றுக்கொள்வார் என்றார். வெண்டெலை மேடைக்கு ஏற்றினார்கள். அவர் விசைப்பலகையைப் பார்த்தார். பின்னால் திரும்பித் திரையை அண்ணாந்து பார்த்தார். அது கேட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தது.

"ஆமான்னு அழுத்துங்க, வெண்டெல்" என்றார் டாக்டர் க்ரால், ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு.

"கேக்கறது என் வீட்டுக்காரிங்க. அவகிட்ட நான் ஆமான்னு சொல்ல முடியாது. நீங்க வேணும்னா சொல்லிக்குங்க."

டாக்டர் க்ரால் ஒரு கணம் அவரைப் பார்த்தார். வீட்டுக்காரி யார் என்று கேட்க நிகழ்ச்சி நிரலில் நேரம் ஒதுக்கப்படவில்லை. ஓரத்தில் நின்ற டெவினைப் பார்த்துத் தலையை அசைத்தார். வெளியேற வேண்டாம், கணினியையே நிறுத்திவிடு என்று அதற்குப் பொருள். பிறகு திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பி, ஒரு சகாப்தம் என்று தொடங்கினார்.

ஆல்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கணினியை யாரும் நிறுத்தியதே இல்லை. அத்தனை வருடங்களிலும், பழுது பார்ப்பதற்குக்கூட, எல்லோரும் வெளியேறும் வரை காத்திருந்துதான் நிறுத்துவார்கள். அது அடித்தளத்து மூவரின் பழக்கம். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் காரணம் தெரியாமலே அதைப் பின்பற்றினார்கள். டெவின் தம் மடிக்கணினியில் கட்டளையை அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

திரை முழுவதும் கறுப்பானது. நடுவில் வெள்ளை எழுத்தில் வந்தது:

"மெஷின நிறுத்தறாங்க. எல்லாத்தயும் எடுத்து வெச்சுட்டேன், ஒண்ணும் போகல. இனிமே உக்காந்திருக்க வேணாம். போய்ச் சாப்பிடுங்க."

கூட்டம் சகாப்தத்துக்குக் கைதட்டிக்கொண்டிருந்தது. மேடையிலிருந்து வெண்டெல் படித்தார். கீழே கஸ் படித்தார், வாயசைத்து, மெதுவாக. "இத எப்ப எழுதினா?" என்று யாரையும் கேட்காமல் கேட்டார். டெவின் மடிக்கணினியை மூடவில்லை. இன்னொரு விசையை அழுத்தினால் நன்கொடையாளர் பட்டியல் திரையில் வர வேண்டும். அவர் அதை அழுத்தாமல் கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டாக்டர் க்ரால் இரண்டு முறை திரும்பிப் பார்த்த பிறகு, குழுவிலிருந்து ஒருவர் ஓடிவந்து அழுத்தினார். பட்டியல் வந்தது.

டெவினின் நியமனம் அந்த வாரமே முடிவுக்கு வந்தது. வழியனுப்பப்பட வேண்டிய பயனர் யாரும் மீதமில்லை என்பதுதான் காரணம். நலக்குழு கலைக்கப்படவில்லை. அதன் இறுதி அறிக்கையில், கடைசிப் பயனர் நிகழ்ச்சி முடியும் முன்பே, எந்தப் புகாரும் தெரிவிக்காமல், தாமாகவே வெளியேறினார் என்றும், பயனர் திருப்தி நூறு சதவீதம் என்றும் இருக்கிறது. இந்த முறை சதவீதத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அவர் வெளியேறியது உண்மை. மேடைப் படிகளில் இறங்கி வந்தார். கஸ் எழுந்து அவருடைய மழைக்கோட்டைப் பிடித்தார். கைகளை நுழைக்க வெண்டெலுக்கு நேரம் பிடித்தது. இங்கேயே சால்மன் இருக்கிறதே என்று ஓர் அலுவலர் தடுத்துப் பார்த்தார். வெண்டெல் அந்தக் கேக்கைப் பார்த்தார். யாரோ முதல் துண்டை அதற்குள் வெட்டியிருந்தார்கள்.

"இங்க வேணாம்" என்றார் கஸ்ஸிடம். "வா. சாப்பிடச் சொல்லிட்டா."

மழையில் இரண்டு தெரு நடந்து, பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் இருக்கும் தெரியாக்கி என்ற ஜப்பானியக் கோழிச் சாப்பாட்டுக் கடைக்குப் போனார்கள். ஆல்டரை எழுதிய மூவரும் அந்தக் காலத்தில் மதியம் சாப்பிட்ட கடை. ஜன்னல் ஓர மேசை காலியாக இருந்தது. கோழியும் சோறும் வந்தன. கஸ் பேசிக்கொண்டே இருந்தார். சிப்பிகளைப் பற்றி, படகுக் கட்டணத்தைப் பற்றி. வெண்டெல் தட்டைப் பார்த்தபடி, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.